டி டிரைவைத் தொடாதீங்க

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிவாக்கில் ஜெரால்டின் கம்ப்யூட்டர் ஒரு கேள்வியின் நடுவில் பேச்சை நிறுத்திக்கொண்டது. "கீழ்க்கண்டவற்றுள் எது" என்றது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அம்புக்குறிகளைத் தட்டிப் பார்த்தார். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டார். விசிறி சுற்றியது. பீப் என்று ஒரு சத்தம். ஹார்டு டிஸ்க் கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு எல்லாம் அடங்கி, மறுபடி விசிறி, மறுபடி பீப். இப்படியே பதினான்கு முறை எண்ணினார். பதினைந்தாவது முறை வயரைப் பிடுங்கிவிட்டார்.

ஜெரால்டுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கிய கம்ப்யூட்டர் அது. பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அதில் இருந்தது. அவர் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது சொல்லும், அவர் கேட்பார், அடுத்ததைத் தட்டுவார். போனிலும் அந்த வசதி உண்டு. ஆனால் இருபது பக்கத்தைப் போனில் அடிப்பது, கரண்டியால் கிணறு வெட்டுகிற வேலை.

அன்றைக்கு அவர் அடித்துக்கொண்டிருந்தது பத்தாம் வகுப்பு வினாவங்கி. தமிழ்நாடு முழுக்க அவரைப் போன்ற பார்வையற்ற ஆசிரியர்கள் எழுபது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். அச்சில் வருகிற வினாவங்கி எதையும் அவர்களால் படிக்க முடியாது. அதனால் வருஷா வருஷம் ஜெரால்டு யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, தட்டச்சு செய்து அனுப்புவார். பொங்கல் லீவு முடிந்ததும் திருப்புதல் தேர்வு. திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். இன்னும் ஒன்றரைப் பாடம்தான் பாக்கி.

சனிக்கிழமை காலையில், பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் முத்துராமன் தன் வண்டியில் ஜெரால்டையும், ஜெரால்டின் மடியில் சி.பி.யூ.வையும் ஏற்றிக்கொண்டு கறம்பக்குடி கடைத்தெருவுக்குப் போனார். வெள்ளைச்சாமி என்பவர் அங்கே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார்.

"சாருக்கு என்ன பிரச்சன?" என்று வெள்ளைச்சாமி கேட்டார். குரல் ஜெரால்டின் இடது பக்கமாக, முத்துராமனை நோக்கிப் போனது.

"பிரச்சன எனக்குத்தாங்க," என்றார் ஜெரால்டு. "ஸ்டார்ட் ஆகி ஆகி நின்னுபோகுது. விண்டோஸ புதுசாப் போடணும். ஆனா டி டிரைவத் தொடாதீங்க. என்னோட ஃபைல் எல்லாம் அதுலதான் இருக்கு. இந்த பென் டிரைவ்ல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. கடைசியா அதப் போட்டு விட்ருங்க."

"சரி சரி, பண்ணிரலாம்." பெட்டியின் மூடி கழற்றப்பட்டது. யாரோ தூசியை ஊதினார்கள். வெள்ளைச்சாமி தாழ்ந்த குரலில் முத்துராமனிடம் ஏதோ கேட்டார். பக்கத்து ஜூஸ் கடையில் மிக்ஸி ஓடியதால் ஜெரால்டுக்கு அது சரியாக விழவில்லை. "மத்தியானத்துக்கு மேல வாங்க," என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான்கு மணிக்குப் பெட்டி வீடு வந்தது. ஜெரால்டு எல்லா வயரையும் தானே தடவிப் பார்த்து மாட்டி, பட்டனை அழுத்தினார். கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் எழுந்தது. திரும்பத் திரும்ப நின்றுபோகிற கோளாறு இல்லை. ஆனால் அது பேசவில்லை. ஸ்கிரீன் ரீடருக்கான விசைகளைத் தட்டினார். விண்டோஸிலேயே கூட வருகிற வேறொரு குரல் உண்டு, அதற்கான விசைகளையும் தட்டினார். விசிறி மட்டும் ஓடியது.

கடைக்குப் போன் போட்டார்.

"அதுவா சார்," என்றார் வெள்ளைச்சாமி. "ஒங்க பென் டிரைவப் போட்டதும் ஏதோ ஒண்ணு கத்த ஆரம்பிச்சிருச்சு. மவுஸ நகத்துனா கத்துது, பட்டன அமுக்குனா கத்துது. வைரஸ்னு தூக்கிட்டேன். பென் டிரைவையும் ஃபார்மட் பண்ணி சுத்தமாக் குடுத்திருக்கேன்."

ஜெரால்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அது வைரஸ் இல்லங்க. அதுதாங்க எனக்குப் படிச்சுக் காட்டுறது."

"அப்புடியா? நீங்க சொல்லலயே சார்."

"விண்டோஸ்லயே ஒரு குரல் இருக்குமே, அதுவும் வரலயே?"

"பழைய மெஷின்ல சார், முழு விண்டோஸு போட்டா இழுக்கும். அதான் லைட் வெர்ஷன் போட்டேன். பேசுறது, எழுத்தப் பெருசாக் காட்டுறது, இதெல்லாம் அதுல எடுத்துட்டுத்தான் வரும். யாருக்கும் தேவப்படாது பாத்தீங்களா." ஒரு நொடி நின்று, "ஒங்களுக்குத் தேவப்படும்ல," என்றார், அப்போதுதான் தெரிந்தவர் போல. "செவ்வாக்கெழம கொண்டாங்க. நாளைக்குக் கட லீவு, திங்கக்கெழம மதுர போறேன்."

ஐந்து மணிக்கு ஜெரால்டின் மனைவி சத்யபிரியா வேலை முடிந்து வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலைக் கழுவிவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார்.

"நல்லாத்தாங்க இருக்கு. மலை படம் ஒண்ணு தெரியுது."

"டி டிரைவ் இருக்கா பாரு."

"இருக்கு. சி-ன்னு ஒண்ணு, டி-ன்னு ஒண்ணு."

ஜெரால்டுக்கு அரை உயிர் வந்தது. ஸ்கிரீன் ரீடரை இணையத்திலிருந்து இறக்கி, சத்யபிரியாவைப் படிக்கச் சொல்லி மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். இறங்கியது. ஓட ஆரம்பித்து, உடனே நின்றது.

"ஏதோ வந்துருச்சுங்க."

"என்ன எழுதிருக்கு?"

"இங்கிலீஷ்ல பெருசா என்னமோ. ஓகே குடுத்துட்டேன்."

"படிக்காம ஏன் குடுத்த? அதுலதான என்ன கோளாறுன்னு இருக்கும்."

மறுபடி ஓட்டினார்கள். இந்தத் தடவை சத்யபிரியா படித்தார். ஏதோ ஒரு கோப்பு காணவில்லை என்றும், அதன் பேர் இன்னதென்றும் எழுதியிருந்தது. அந்தப் பேரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார் ஜெரால்டு. பாதியில் குக்கர் விசிலடித்தது. சத்யபிரியா எழுந்து போய்விட்டு வந்து, விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது தடவை ஜெரால்டு மேசையில் கையால் அடித்தார். பலமாக அடிக்கவில்லை. ஆனால் சத்யபிரியா பேசுவதை நிறுத்திவிட்டார்.

"காலையில எட்டு மணிலேர்ந்து நின்ன காலு," என்றார் பிறகு. "நான் என்ன வேணும்னா பண்றேன்?"

"ஒன்னச் சொல்லல சத்யா."

"என்னத்தான் சொல்றீங்க. இங்கிட்டு வேற யாரு இருக்கா?"

அன்றைக்கு ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் கடலூர்க்காரர் ஒருவர், "சார், திங்கள் கன்ஃபார்மா?" என்று குரல் செய்தி போட்டிருந்தார். ஜெரால்டு அதை இரண்டு தடவை கேட்டுவிட்டு, போனைச் சார்ஜில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஐயனாரைக் கூப்பிட்டார். ஐயனார் புதுக்கோட்டையில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர். திருச்சியில் ஒரே விடுதியில் ஜெரால்டோடு படித்தவர். அவருக்கும் பார்வை இல்லை.

கதையைக் கேட்டுவிட்டு ஐயனார் சிரிக்கவில்லை. அதுவே ஜெரால்டுக்கு ஆறுதலாக இருந்தது.

"லைட் வெர்ஷன் போட்டாய்ங்கன்னா அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது மாப்ள. முழு விண்டோஸ நீயே போடு. போடும்போதே பேசும். எங்கிட்ட பென் டிரைவ் இருக்கு, பட்டுக்கோட்ட பஸ்ல குடுத்து விடுறேன்."

"நானே போடுறதா?"

"நான் ரெண்டு தடவ போட்டிருக்கேன். ஒனக்கென்ன?"

சத்யபிரியாவுக்கு அன்றைக்கு இரண்டு மணி டூட்டி. "மாத்திக்கிட்டு இருக்கவா? நான் படிச்சு சொல்றேன்," என்று கேட்டார். முந்தின நாள் மேசையில் அடித்த கை ஜெரால்டுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. "வேணாம், நீ போயிட்டு வா. நான் பாத்துக்குறேன்," என்றார். அவர் சொன்ன தொனி அவருக்கே பிடிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். கையில் வெள்ளைக் கோல். ஐயனார் சொன்ன பஸ் வருவதற்குள் மூன்று பேர் வந்து அவர் முழங்கையைப் பிடித்தார்கள். "எங்க போகணும் சார்?" "எங்கயும் போகலைங்க, ஒரு பார்சல் வருது." மூன்றாவது ஆள் அதைக் காதில் வாங்காமல், தஞ்சாவூர் பஸ்ஸின் படிவரைக்கும் அவரைக் கூட்டிப்போய்விட்டார். ஜெரால்டு அவரிடம் விளக்கிச் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள், பின்னால் பட்டுக்கோட்டை பஸ் வந்து, இரண்டு நிமிஷம் நின்று, கிளம்பியும் போயிருந்தது. கண்டக்டருக்குப் பார்சல் ஞாபகம் வரவில்லை. பென் டிரைவ் பட்டுக்கோட்டைக்குப் போய், டீ குடித்துவிட்டு, ஒன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தது. "நீங்க பஸ் படிக்கட்டுக்கிட்ட வந்து நிப்பீங்கன்னு நெனச்சேன்," என்றார் கண்டக்டர்.

வீட்டுக்கு வந்து போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். அந்தப் பக்கம் ஐயனார்.

"பீப் கேட்ட ஒடனே எஃப் பன்னெண்ட விடாமத் தட்டு. எதுலேர்ந்து ஸ்டார்ட் ஆகணும்னு கேட்டு ஒரு பட்டியல் வரும், அது பேசாது. பென் டிரைவ் எப்பவும் கடைசில இருக்கும். மேல் அம்ப ஒரு தடவ அமுக்கி என்டர் குடு."

செய்தார். ஹார்டு டிஸ்க் கரகரத்தது. அப்படியென்றால் பழைய இடத்திலிருந்துதான் எழுகிறது. அணைத்துவிட்டுத் திரும்பச் செய்தார். இந்த முறை எதுவுமே அசையவில்லை, பட்டியலைத் தாண்டி வேறெங்கோ போய் நிற்கிறது. மூன்றாவது முறை மேல் அம்பை இரண்டு தடவை அழுத்தினார். ஹார்டு டிஸ்க் அமைதியாக இருந்தது, ஆனால் விசிறி வேகமெடுத்தது.

"வந்துருச்சு போல மாப்ள," என்றார் ஜெரால்டு.

"ரெண்டு நிமிஷம் இரு. அப்பறம் விண்டோஸ், கன்ட்ரோல், என்டர், மூணையும் சேத்து அமுக்கு. பேசும்."

அழுத்தினார். ஒன்றுமில்லை. ஆறு தடவை அழுத்தினார். கழுத்தில் வியர்வை இறங்கியது. இத்தனைக்கும் மார்கழி மாசம், மத்தியான வெயில்கூட உறைக்காத நேரம்.

"பேசுதான்னு கேளு," என்றார் ஐயனார்.

"பேசுனா ஒனக்கும் கேக்கும்லடா. பேசல."

ஐயனார் யோசித்தார். "ஒன் மெஷினு பழசு. அதோட சவுண்டு கார்டு இந்த நேரத்துல முழிச்சிருக்காது. யூ.எஸ்.பி.ல மாட்டுற ஹெட்போன் வேணும். உருண்டை முனை ஆகாது, சப்பையா இருக்கும் பாரு, அது."

அப்படி ஒன்று ஜெரால்டிடம் இல்லை. முத்துராமனைக் கூப்பிட்டுக் கேட்டார். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காக மகளுக்கு வாங்கியது பீரோவுக்குள் எங்கோ கிடக்கும் என்றார் முத்துராமன். அரை மணி நேரத்தில் கொண்டுவந்தும் கொடுத்தார்.

"நான் இருக்கேன் சார், படிச்சுச் சொல்றேன்," என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேணாம் சார். சும்மா ஒக்காந்திருங்க, போதும்."

ஹெட்போனை மாட்டினார். முதலிலிருந்து எல்லாம். பீப், எஃப் பன்னிரண்டு, மேல் அம்பு இரண்டு, காத்திருப்பு, மூன்று விசை. காதுக்குள் ஒரு பெண் குரல் உணர்ச்சியே இல்லாமல், "விண்டோஸ் செட்டப்," என்றது.

ஜெரால்டு ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு, "பேசுது," என்றார். ஐயனார் அந்தப் பக்கம் நாக்கால் ஒரு சத்தம் எழுப்பினார், விடுதியில் பரீட்சை முடிவு வந்தபோதெல்லாம் எழுப்புகிற அதே சத்தம்.

மொழி, விசைப்பலகை, நிபந்தனைகள் என்று ஒவ்வொரு திரையாகத் தாண்டினார். அந்தக் குரல் படபடவென்று கொட்டியது. தமிழ் வழியில் படித்த ஜெரால்டு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டுத்தான் நகர்ந்தார். கடைசியில், எந்த இடத்தில் போடுவது என்று கேட்கிற பட்டியல் வந்தது.

"இங்கதான் சூதானமா இருக்கணும்," என்றார் ஐயனார். "சி எது, டி எதுன்னு பேர் சொல்லாது. காலி இடம் எம்புட்டுன்னு சொல்லும். ஃபைல் நெறைய இருக்கறது டி. அதத் தொட்டுறாத."

கீழ் அம்பை அழுத்தினார். பார்ட்டிஷன் என்று ஹார்டு டிஸ்க்கின் பகுதிகளை எண் போட்டுச் சொன்னது குரல், ஒன்று வெறும் துக்கடா. பார்ட்டிஷன் இரண்டு. மொத்தம் இருநூற்று முப்பத்திரண்டு ஜி.பி., காலி இருநூற்று இருபத்தொன்று. சரி, இது சி. லைட் வெர்ஷன் கொஞ்சம் இடத்தை எடுத்திருக்கிறது. மறுபடி கீழ் அம்பு. பார்ட்டிஷன் மூன்று. மொத்தம் இருநூற்று முப்பத்துமூன்று ஜி.பி. காலி இருநூற்று முப்பத்துமூன்று.

மேலே போய்த் திரும்ப வந்தார். அதே எண். இன்னொரு தடவை. அதே எண்.

"என்னடா, சத்தத்தையே காணோம்?" என்றார் ஐயனார்.

"டி-ல ஒண்ணும் இல்லடா."

"ஒண்ணும் இல்லன்னா?"

"எல்லாம் காலி. பதிமூணு வருஷம்."

நேற்று சத்யபிரியா பார்த்தபோது டி இருக்கத்தான் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவும் இல்லை, சத்யபிரியா திறக்கவும் இல்லை. ஒன்பதாம் வகுப்புக் குறிப்புகள், பத்தாம் வகுப்புக் குறிப்புகள், வரைபடங்களை எழுத்தில் விளக்கி அவரே எழுதிய பக்கங்கள், வருஷவாரியாக வினாவங்கிகள். எல்லாவற்றுக்கும் அங்கேதான் இடம்.

ஐயனாரின் இணைப்பைத் துண்டித்துவிட்டு வெள்ளைச்சாமிக்குப் போட்டார். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டார். பின்னால் கோயில் மேளமும், அன்னதானத்துக்கு ஆட்களைக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன.

"டி டிரைவத் தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார். ஆனா சி-ல கெடந்த வைரஸு அங்கயும் இருக்குமோன்னு ஒரு சந்தேகம். அதான் ஒங்ககூட வந்த சார்கிட்ட, எல்லாத்தையும் அடிச்சிரவான்னு கேட்டேன். அவரு தலையாட்டுனாரு."

"எங்கிட்டயில்ல கேக்கணும்?"

"ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்..." மேளச் சத்தம் கூடியது. "செவ்வாக்கெழம வாங்க சார், பேசிக்கலாம்."

போன் வைக்கப்பட்டது.  முத்துராமனின் நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது.

"சார்," என்றார் ஜெரால்டு. "தலையாட்டுனீங்களா?"



"ஆட்டுனேன் சார். கம்ப்யூட்டரத் தொடச்சுத் தாரேங்குறாருன்னு நெனச்சேன். எனக்கு சி-யும் தெரியாது, டி-யும் தெரியாது. தெரியலைன்னு சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

 இது முதல் தலையாட்டல் இல்லை. பாங்கில், ஆஸ்பத்திரியில், துணிக்கடையில், எல்லா இடத்திலும் அவர் தலைக்கு மேலே இரண்டு பேர் எதையோ முடித்துவிடுகிறார்கள். சட்டையின் நிறம் முதற்கொண்டு அப்படித்தான் முடிவாகிறது. முடிந்துபோன பிறகுதான் அவருக்கு வந்து சேரும், சில சமயம் வராமலே போகும். இத்தனைக்கும் முத்துராமன் நல்ல மனுஷன். பெட்ரோல் செலவழித்துக் கூட்டிப்போனவர், லீவு நாளில் ஹெட்போன் தேடிக் கொண்டுவந்தவர். நல்ல மனுஷன் என்பதாலேயே அவர்மேல் கத்த முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான் பக்கத்துல நின்னேன் சார்," என்றார். "மூணடி தூரத்துல நின்னேன். தலையாட்டுனா எனக்கு எப்புடித் தெரியும்? வாயால ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்ல."

"தப்புத்தான் சார்."

"தப்புன்னு சொல்லி என்ன பண்றது?"

முத்துராமன் எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்தார் ஜெரால்டு. எழுந்தவர் நின்றுகொண்டே இருந்தார். அந்த நேரத்தில் ஐயனார் திரும்பக் கூப்பிட்டார்.

"நல்லாக் கேட்டுக்க. டி-யத் தொடாத. அதுல ஒரு ஃபைலக்கூட எழுதாத. அவன் மேலாப்லதான் அழிச்சிருப்பான், உள்ள இருக்குறது இன்னும் கெடக்கும். மீட்டு எடுக்குறதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு. நீ சி-ல மட்டும் விண்டோஸப் போட்டு முடி."

ஜெரால்டு பார்ட்டிஷன் இரண்டுக்கு ஏறினார். குரல் எண்ணைச் சொன்னது. மறுபடி கேட்டார். விரல் என்டரின் மேல் நின்றது, அழுத்த வரவில்லை.

"சார்," என்று முத்துராமனைக் கூப்பிட்டார். "திரையில எந்த வரி கலரா இருக்கு? என்ன எழுதியிருக்கோ அத அப்புடியே படிங்க. ஒண்ணயும் விடாதீங்க."

முத்துராமன் குனிந்து, மைதானத்தில் வருகைப் பதிவு எடுப்பவர் போல, ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தார். குரல் சொன்னதும் அவர் படித்ததும் ஒன்றாக இருந்தன. ஜெரால்டு என்டரை அழுத்தினார்.

ஐந்தரை மணிக்கு விண்டோஸ் ஏறி முடிந்தது. ஸ்கிரீன் ரீடரும் ஏறியது. பழைய குரல், பழைய வேகம். முத்துராமன் கும்பிட்டுவிட்டுப் போனாரா, தலையை ஆட்டிவிட்டுப் போனாரா தெரியாது. "வாரேன் சார்," என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எட்டரைக்கு சத்யபிரியா வந்ததும் ஜெரால்டு எல்லாவற்றையும் சொன்னார். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நேத்து நான் டி இருக்குன்னு சொன்னேனே."

"நீ சொன்னது சரிதான். இருந்துச்சு. நான்தான் பாதிக் கேள்வி கேட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "நேத்து அடிச்சது தப்பு," என்றார்.

"மேசையத்தான அடிச்சீங்க," என்று சொல்லிவிட்டு சத்யபிரியா தோசை ஊற்றப் போனார்.

மீட்கும் வேலை திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஓடியது. பள்ளிக்குப் போகும்போது ஓடவிட்டுப் போனார், வந்து கேட்டார். அறுநூற்றுச் சொச்சம் கோப்புகள் கிடைத்தன. அவற்றில் நானூறுபோல மட்டும்தான் திறந்தன. எதற்கும் பேர் இல்லை. வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்து முதல் இரண்டு வரியைக் கேட்டு, இது எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று கண்டுபிடித்துப் பேர் வைக்க வேண்டியிருந்தது. ஒன்றைத் திறந்தால் பழைய விடுப்பு விண்ணப்பம். இன்னொன்றைத் திறந்தால் அதே விண்ணப்பம், தேதி மட்டும் வேறு. வினாவங்கியின் இரண்டு பாடங்கள் எங்குமே இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைச் சொல்லி, வியாழக்கிழமை அனுப்புவதாகக் குரல் செய்தி போட்டார். சிலர் வருத்தப்பட்டார்கள், ஒருவர் தன் கடைக்காரன் கதையைச் சொன்னார், கடலூர்க்காரர் "வியாழன் கன்ஃபார்மா சார்?" என்று கேட்டார்.

காணாமல் போன இரண்டு பாடத்தையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும், முன்பே பாக்கியிருந்த ஒன்றரைப் பாடத்தையும் முடிக்க வேண்டும். புதன்கிழமை மத்தியானம் முத்துராமன் தன் விளையாட்டு நேரத்தை விட்டுவிட்டு, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து புத்தகத்தைப் படிக்க, ஜெரால்டு அதைப் போனில் பதிவு செய்துகொண்டார். முத்துராமன் வரலாற்றுப் பெயர்களை எல்லாம் தப்பாகத்தான் உச்சரித்தார். ஜெரால்டு வீட்டுக்கு வந்து, கேட்டுக் கேட்டு, திருத்தி அடித்தார்.

சொன்னபடி வியாழக்கிழமை அனுப்பிவிட்டார். கால் மணி நேரத்தில் கடலூர்க்காரரிடமிருந்து செய்தி வந்தது. "நன்றி சார். ஆனா மூணாவது பாடம் ரெண்டு தடவ வந்திருக்கு. நாலாவதக் காணோம்."

ஜெரால்டு போனைக் கவிழ்த்து வைத்தார். காபி குடித்தார். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு, நான்காவது பாடத்தைத் தேடி, எண் பேர் கொண்ட அடுத்த கோப்பைத் திறந்தார். "கீழ்க்காணும் படத்தை உற்று நோக்குக," என்றது குரல். அது ஒன்பதாம் வகுப்பு. மூடிவிட்டு அதற்கடுத்ததைத் திறந்தார்.